பின் சக்கரத்தில் எலுமிச்சம்பழம்

நம் வயதுக்காரர்களோடு பேசுவதில் ஒரு வசதி உண்டு. கேபிள் டி.வி. வந்த வருஷம் என்று சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. தென்னை மரத்துக்கும் மாடிக் கைப்பிடிக்கும் நடுவே கறுப்பு ஒயர் தொங்கும். காற்றடித்தால் படம் போய்விடும். ‘தெரியுதா, தெரியுதா’ என்று மாடியிலிருந்து ஒருவர் கத்துவார். அந்த வருஷத்துக் கோடை விடுமுறையில்தான் என் அக்கா ரேஸ் ஓட்ட ஆரம்பித்தாள்.

சிரிக்காதீர்கள். ஸ்ரீரங்கத்தில் தேர் ஓடும், ஆட்டோ ஓடும், ரேஸ் கார் எங்கே ஓடும் என்று எங்கள் தெருவிலேயே கேட்டுச் சிரித்துவிட்டார்கள். பிறகு அதே தெருவில் பேப்பரில் வந்த அவள் படத்தைக் கத்தரித்து பீரோ கதவில் ஒட்டினார்கள். அது பிந்திய கதை.

அப்பாவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். துவாக்குடிப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் அவர் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தார். மற்றவர்கள் வெல்டிங் செய்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவர், கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் அந்த வேலையை நிறுத்தியதில்லை. சாம்பாரில், சட்டை மடிப்பில், என் கணக்கு நோட்டில் என்று அவர் பார்வை போய்க்கொண்டே இருக்கும். ஆள் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு குறை கையில் கிடைத்துவிட்டால் அதைப் பத்திரமாக வைத்திருந்து, வருகிற விருந்தாளிக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார்.

ஸ்கூட்டர் கதை அப்படித்தான். புது ஸ்கூட்டர் வந்த அன்று அம்மா மஞ்சள், குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கடைசியில் தேங்காய் உடைத்தாள். கை தவறித் தேங்காய் முன் மட்கார்டில் விழுந்து நெளித்துவிட்டது. கண்ணால் தேடினால்தான் தெரியும், அவ்வளவு சின்ன நெளிசல். அப்பா அதைச் சரி செய்யவே இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் வாசலுக்கு அழைத்துப் போய்க் காட்டுவார். “ஊர்ல எல்லாரும் வண்டிய ஓட்டி நெளிப்பாங்க. எங்க வீட்டம்மா பூஜை பண்ணியே நெளிச்சுட்டாங்க” என்பார். விருந்தாளி சிரிப்பார். அம்மாவும் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். உள்ளே போனவள் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தவர்கள் நானும் அக்காவும்தான்.

சித்தப்பாவுக்கு மன்னார்புரத்தில் டூவீலர் ஒர்க்‌ஷாப் இருந்தது. அந்தக் கோடையில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கோ-கார்ட்டை எங்கேயோ பிடித்துக்கொண்டு வந்து இறக்கினார். யாரோ மில்காரர் வீட்டுப் பையன் வளர்ந்துவிட்டதால் கழித்துக் கட்டியது. கார்ட் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். முழங்கால் உயரம்கூட இல்லை. இரும்புக் குழாய்ச் சட்டம், நாலு குட்டிச் சக்கரம், ஒரு சீட், ஒரு ஸ்டீயரிங். கூரை இல்லை, கதவு இல்லை, ஸ்பிரிங் இல்லை. பிரேக்கும் பின் சக்கரத்துக்கு மட்டும்தான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சித்தப்பா அதில் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் பைக் இன்ஜினைப் பொருத்தினார். பொருத்திவிட்டு ஏறி உட்காரப் பார்த்தார். வயிறு ஸ்டீயரிங்கில் இடித்தது. ஒர்க்‌ஷாப்பில் இருந்த யாருக்கும் அந்த சீட் பத்தவில்லை. டிபன் கேரியர் கொண்டு போயிருந்த அக்கா, “நான் உக்காரட்டுமா சித்தப்பா?” என்றாள். அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தாள். ஈர்க்குச்சி மாதிரி இருப்பாள். உட்கார்ந்தாள். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பஞ்சப்பூர் தாண்டி ஒரு மனைப்பிரிவுக்குப் போவோம். தார் ரோடு போட்டு, நுழைவாயிலில் அலங்கார வளைவு கட்டி, எண் எழுதிய கல் நட்டு வைத்திருந்தார்கள். வீடு ஒன்றுகூட வரவில்லை. சித்தப்பா பழைய டயர்களை மூலைகளில் அடுக்குவார். பெட்ரோலில் ஆயிலை ஊற்றிக் கலக்கும்போது வருமே ஒரு வாசனை, இனிப்பும் புகையுமாக, அது இன்றைக்கும் எங்காவது மூக்கில் பட்டால் நான் நின்றுவிடுவேன். அக்காவின் சிவப்பு ஹெல்மெட் அவள் தலைக்குப் பெரிது. அம்மாவின் பழைய தலையணைப் பஞ்சை உள்ளே வைத்துத் தைத்திருந்தது. அந்த ஹெல்மெட் இப்போது எங்கே போனதென்று தெரியவில்லை. கிடைத்தால் நான் என் வீட்டு ஷோகேஸில் வைப்பேன்.

அவள் ஓட்டியதைப் பற்றி எப்படிச் சொல்வது? வீட்டில் என்னோடு ரிமோட்டுக்குச் சண்டை போடுகிற அதே ஆள்தான். ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கியதும் எனக்குத் தெரியாத ஒருத்தி ஆகிவிடுவாள். தரையோடு தரையாக அந்தச் சத்தம் வரும், காலடியில் ரோடு நடுங்கும், என் பாவாடை ஓரம் படபடக்கும், திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் அடுத்த மூலையில் இருப்பாள்.  கோயிலில் சாமி புறப்பாட்டின்போது எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்களே, அந்த மாதிரி நானும் ஒருமுறை அங்கே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சித்தப்பா பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

சித்தப்பாவுக்கு அவள் மேல் ஒரே ஒரு வருத்தம். வளைவு வருவதற்கு வெகு முன்னாலேயே அவள் பிரேக்கை மிதித்துவிடுகிறாள். “பயப்படாத பாப்பா! இன்னும் தள்ளி வந்து மிதி!” என்று ரோட்டோரம் ஓடிக்கொண்டே கத்துவார். அப்பாவிடமும், “நல்லாத்தான்ணே ஓட்டுறா. கொஞ்சம் பயம், அவ்வளவுதான்” என்றார். அப்பாவுக்குக் குறை கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து அவள் பயந்தவள் என்று முடிவாகிவிட்டது.

ஒருநாள் பயிற்சி முடிந்து முக்கொம்பு போனோம். பெரியவர்கள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னை ஆற்று மணலுக்கு இழுத்துக்கொண்டு போய், குதிகாலால் ஒரு வளைவு கிழித்தாள்.

“எல்லாரும் இதுவரைக்கும் வேகமா வருவாங்க. இங்க வந்து அடிச்சு மிதிப்பாங்க. அப்புறம் திரும்ப முடியாம திணறுவாங்க. நான் இங்கேயே மிதிச்சுடுவேன். திரும்பறப்ப வண்டி என் பேச்ச கேக்கும். அங்கேர்ந்து நேர் ரோடு முழுக்க எனக்குத்தான்.”

“இத சித்தப்பாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா நம்ப மாட்டாங்க. கோயம்புத்தூர்ல பாத்துக்கட்டும்.”

கோயம்புத்தூரில் கார்ட் ரேஸ் இருந்தது. அப்பா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அடுத்த வருஷம் அவளுக்குப் பத்தாவது. “இந்த ஒரு ரேஸ் ஓட்டிக்கோ. உருப்படியா ஓட்டினா மேல யோசிக்கலாம். சொதப்பினா வண்டிய வித்துட்டு டியூஷனுக்குப் போகணும்” என்றார். அக்கா சரி என்று தலையாட்டினாள். அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம் என்பது எனக்குக்கூடத் தெரிந்தது. துணியில்லை, நகையில்லை, சினிமா இல்லை. அந்த முழங்கால் உயர வண்டி மட்டும் வேண்டும்.

ரேஸ் விதிப்படி வண்டியும் ஆளும் சேர்ந்து குறைந்தபட்சம் இவ்வளவு எடை இருக்க வேண்டுமாம். அப்பா அவளை ஜங்ஷனுக்கு அழைத்துப் போய், பிளாட்பாரத்தில் கலர் கலராக விளக்கு சுற்றுமே, அந்த எடை மெஷினில் ஏற்றினார். காசு போட்டதும் அட்டை விழுந்தது. எடை ஒரு பக்கம், பலன் ஒரு பக்கம். ‘பொறுமையால் புகழ் பெறுவீர்’ என்று இருந்ததாக நினைவு. எடைதான் போதவில்லை. சித்தப்பா ஒரு மளிகைக் கடையில் கழித்த இரும்புப் படிக்கற்களை வாங்கி வந்து சீட்டுக்குப் பின்னால் போல்ட் போட்டு முறுக்கினார். பருப்பு நிறுத்த கல்லோடு என் அக்கா பந்தயத்துக்குப் போனாள்.

அதுவரை அம்மா ஒருநாள்கூட அவள் ஓட்டுவதைப் பார்க்க வந்ததில்லை. “பொம்பளப் பிள்ள, கையில கால்ல அடிபட்டா யார் பதில் சொல்றது?” என்று எல்லோரோடும் சண்டை. அக்கா கெஞ்சினாள். “ஒரே ஒரு தடவ வாம்மா. நீ பாக்கணும்மா.” சாப்பிடும்போது, தலை வாரும்போது, படுக்கும்போது என்று ஓயாமல் கேட்டாள். கிளம்புகிற நாள் விடியற்காலையில் பார்த்தால் அம்மா புடவை கட்டித் தயாராக நிற்கிறாள். தோளில் ஒரு துணிப்பை. அக்காவின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

கோயம்புத்தூர் மைதானத்தில் நல்ல வெயில். அவ்வளவு கார்ட்டையும் ஒரே இடத்தில் பார்த்து எனக்கு வாய் அடைத்துவிட்டது. மற்ற பையன்களுக்கு உடம்பு முழுக்க ஒரே நிறத்தில் உடுப்பு. அக்கா பள்ளிக்கூடத்து ட்ராக் பேண்ட்டில் இருந்தாள். அம்மா டயரைத் தடவிப் பார்த்துவிட்டு சித்தப்பாவிடம், “என்ன தம்பி, மொட்டை டயர மாட்டி வச்சிருக்கீங்க? நல்லதா ஒண்ணு வாங்கக் கூடாதா?” என்றாள். ரேஸ் டயர் மொட்டையாகத்தான் இருக்கும், வரி வரியான பட்டன் இருக்காது என்று அவர் விளக்கினார். அம்மா நம்பியதாகத் தெரியவில்லை.

காலையில் நேரம் பார்க்க ஒவ்வொருவரையும் தனியாக ஓட்டவிட்டார்கள். அக்கா மூன்றாவது வேகம். சித்தப்பா துள்ளினார். “இன்னும் கொஞ்சம் தள்ளி மிதிச்சா முதல் இடம்ணே!”  அப்பா சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துத் திறந்து திறந்து மூடினார். சந்தோஷம் வந்தால் அவர் அப்படித்தான் செய்வார்.

மத்தியானம் ரேஸ். வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அப்பா முதல் வளைவுப் பக்கம் போய் நின்றுகொண்டார். சித்தப்பா இன்ஜின் மேல் குனிந்திருந்தார். கிளம்பலாம் என்று விசில் ஊதப் போகிற நேரம். அம்மா பையைத் திறந்தாள். நாலு எலுமிச்சம்பழம். வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னாலும் ஒன்றை வைத்து, நகராமல் டயருக்கடியில் அழுத்தினாள். நாமும் நம் வண்டிகளுக்கு இதைத்தான் செய்கிறோம், இல்லையா? பிறகு கண்ணை மூடிக்கொண்டு கை கூப்பி நின்றாள். உதடு அசைந்துகொண்டிருந்தது.

அக்கா குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அவள் வாய் லேசாகத் திறந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டாள். விசில் கேட்டது.

முதல் வளைவில் அவள் பிரேக்கை மிதித்ததும் வண்டியின் பின்பக்கம் முன்னால் வந்துவிட்டது. ஒன்றரைச் சுற்று சுற்றி, தூசிக்குள் போய், வந்த திசையைப் பார்த்து நின்றது. மற்ற வண்டிகள் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் பறந்தன. அம்மா என் கையைப் பிடித்த பிடியில் என் கண்ணாடி வளையல் உடைந்தது. அப்பா அந்த வளைவிலேயேதான் நின்றிருந்தார். எல்லாம் அவர் கண் முன்னால்.

இன்ஜின் நிற்கவில்லை. கொடி பிடித்திருந்தவர்கள் வண்டியைத் திருப்பித் தள்ளிவிட்டார்கள். அவள் கிளம்பியபோது எல்லோரும் பாதிச் சுற்று போய்விட்டிருந்தார்கள். முடிந்தது, வண்டி விற்கப்படும், டியூஷன் என்று நான் அழ ஆரம்பித்தேன்.

ஆனால் அவள் முடித்துக்கொள்ளவில்லை. இரண்டு சுற்று தட்டுத்தடுமாறி வந்தாள். மூன்றாவது சுற்றில் சத்தமே மாறிவிட்டது. வளைவுக்கு வெகு முன்னால் பிரேக், பிறகு தடங்கலே இல்லாமல் ஒரே இழுப்பில் வெளியே. முன்னால் போன பையன் வளைவில் திணறிக்கொண்டிருக்கும்போது இவள் அவனைத் தாண்டி நேர் ரோட்டில் இருந்தாள். அடுத்தவன், அதற்கடுத்தவன். முக்கொம்பு மணலில் அவள் குதிகாலால் கிழித்த கோடு அப்படியே அந்த மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அழுகை நின்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவர், “யாருங்க அந்தச் செவப்பு ஹெல்மெட்டு பையன்?” என்று கேட்டார். “பையன் இல்லீங்க, எம் பொண்ணு” என்றாள் அம்மா. அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

நாலாவதாக வந்தாள். மேடையில் மூன்று பேருக்குத்தான் இடம்.

வண்டியை விட்டு இறங்கியவள் எங்களிடம் வரவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் இடது பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சக்கரத்தின் உள்பக்க ஓரத்தில் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்து ட்ராக் பேண்ட் பைக்குள் போட்டுக்கொண்டாள். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது கருகின தோல் மாதிரி ஏதோ. இவ்வளவு பெரிய ரேஸ் முடிந்ததும் இவளுக்கு என்ன சுத்தம் வேண்டிக் கிடக்கிறது என்று நினைத்தேன். அதற்குள் அப்பா வந்துவிட்டார். அம்மாவும் பின்னாலேயே வந்தாள்.

“எதனால சுத்துச்சு?” என்றார் அப்பா. தொழிற்சாலையில் கேட்கிற குரல்.

“நான்தான்ப்பா. அவசரப்பட்டு லேட்டா, ஓங்கி மிதிச்சுட்டேன்.”

“வண்டியில ஏதாவது…” என்று சித்தப்பா சக்கரத்தைப் பார்த்துக் குனிந்தார்.

“வண்டியில ஒண்ணுமில்ல சித்தப்பா. என் தப்புதான்.”

சித்தப்பா நிமிர்ந்துவிட்டார். தள்ளி மிதி, தள்ளி மிதி என்று கோடை முழுக்கக் கத்தியவர் அவர்தானே. தன் பேச்சைக் கேட்டுத்தான் பிள்ளை சறுக்கினாள் என்று நினைத்துவிட்டார். எனக்கு மட்டும் குழப்பம். லேட்டாக மிதிக்கவே மாட்டேன் என்று என்னிடம் சொன்னவள் ஆயிற்றே. அம்மா சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

 திரும்பி வரும் வழியில் குளித்தலையில் டீ குடிக்க வேனை நிறுத்தினோம். அப்பா கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “எங்க ஷாப்புல வெல்டு வெடிச்சா கம்பி சரியில்லம்பான், மெஷின் சரியில்லம்பான், கரண்டு சரியில்லம்பான். நான்தான் தப்பு பண்ணேன்னு சொன்ன ஒரு ஆள இதுவரைக்கும் நான் பாத்ததில்ல. இன்னிக்குப் பாத்துட்டேன். அவ ஓட்டட்டும். பத்தாவதையும் படிக்கட்டும், வண்டியையும் ஓட்டட்டும்.”

அக்கா அழுதுவிட்டாள். சித்தப்பா எல்லோருக்கும் இன்னொரு டீ சொன்னார். அம்மா எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவினாள், வெகுநேரம் கழுவினாள்.

அதற்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. கார்ட்டில் மாநிலம், பிறகு தென்னிந்தியா, பிறகு நாடு முழுக்க. மேடையில் நிற்காத ரேஸ் குறைந்துகொண்டே வந்தது. காலேஜ் சேர்ந்த வருஷம் சென்னைப் பக்கம் பெரிய டிராக்கில் ஒற்றை சீட் கார். சக்கரம் நாலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மூக்கு கூராக இருக்கும், ஓட்டுகிறவர் கால் நீட்டிப் படுத்த வாக்கில் உள்ளே போய்விடுவார். டி.வி.யில் பார்த்த அந்த உருவத்துக்குள் என் அக்கா இறங்குவதைப் பார்த்து நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அப்பா நல்ல உற்சாகத்தில் இருந்தார். “ஏம்மா, புது வண்டி ஆச்சே. எலுமிச்சம்பழம் வைக்கலியா?” என்று அவரே கேட்டார்.

“கொண்டு வர மறந்துட்டேங்க” என்றாள் அம்மா.

அம்மா எதையும் மறக்கிற ஆள் இல்லை. காருக்குள் இருந்த அக்கா சட்டென்று தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா வேறு பக்கம் பார்த்தாள்.

இரண்டாவதாக வந்தாள் அக்கா. முகமெல்லாம் கரி, தலைமுடி ஈரம். அம்மா தோள்பையிலிருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்து, மூடியில் ஊற்றி நீட்டினாள். அக்கா ஒரு வாய் குடித்தாள். நிறுத்தினாள். மூடிக்குள் பார்த்தாள். எலுமிச்சை ஜூஸ்.

“நாலு பழம்” என்றாள் அம்மா மெதுவாக. “பிழிஞ்சுட்டேன். குடி.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்து ஜூஸ் மூக்கில் ஏறிவிட்டது. அம்மாவும் சிரித்தாள். இரண்டு பேரும் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். எது சிரிப்பு, எது அழுகை என்று பிரிக்க முடியவில்லை. கருகின தோலை அவள் பையில் போட்டுக்கொண்டது எனக்கு அப்போதுதான் விளங்கியது. டயருக்கடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம் மொட்டை டயரில் அப்பியிருக்க, பின் சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடித்ததும் வண்டி வழுக்கிச் சுற்றியிருக்கிறது. ஸ்கூட்டர் மட்கார்டு போதாதென்று இன்னொன்றை அப்பா கையில் கொடுக்க அவள் விரும்பவில்லை. அதற்காகத் தனக்கு உயிராக இருந்த ஒன்றையே அன்றைக்குப் பணயம் வைத்துவிட்டாள். அம்மாவுக்கு அது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

“என்ன சிரிப்பு? என்னன்னு சொன்னா நானும் சிரிப்பேன்ல?” என்றார் அப்பா. அம்மா அவருக்கும் ஒரு மூடி ஊற்றி நீட்டினாள்.

அக்கா அடுத்தடுத்த படிகளும் ஏறினாள். ஒரு வருஷம் மலேசியாவில்கூட ஓட்டினாள். உச்சிப் படிக்கு ஒரு படி கீழே நின்றுவிட்டாள். அது அவளுக்கு வருத்தம்தான், மறைத்ததில்லை. இப்போது ஒரு வண்டிக் கம்பெனியில் புது மாடல்களை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்கிற வேலை. அப்பாவின் பிள்ளைதானே என்று நாங்கள் கேலி செய்வோம்.

அப்பாவுக்கு இப்போது காது மந்தம். இதையெல்லாம் அவர் படிக்க மாட்டார், முதல் பக்கச் செய்தியை மட்டும் பார்த்துவிட்டுப் பேப்பரை மடிக்கிற ஆள். ஸ்கூட்டர் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அதன் கதையும் போய்விட்டது. இப்போது விருந்தாளிகளுக்குக் கோயம்புத்தூர் கதைதான். “பதினாலு வயசுப் பிள்ள, அப்பா என் தப்புதான்னு நேரா சொன்னா பாருங்க. உண்மை பேசறவள யாரும் ஜெயிக்க முடியாது” என்று குரல் தழுதழுக்கச் சொல்வார்.

போன மாதம் அக்கா வந்திருந்தபோதும் சொன்னார். வந்தவர்கள் அவளை மரியாதையாகப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதை அந்த இடத்துக்கு வந்ததும் அம்மா வழக்கம்போல முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“இருங்க, எல்லாருக்கும் ஜூஸ் போட்டுக் கொண்டு வரேன்” என்றாள்.